பன்னிரண்டு தாளில் ஒரே பெயர்

அருள்,

நீ நிரப்பி வைத்துவிட்டுப் போன ஓட்டுச்சீட்டின் உறையில் நான் கையெழுத்துப் போடவில்லை. அதைத் தபாலிலும் சேர்க்கவில்லை. இன்று காலை வாக்குச்சாவடிக்கு எடுத்துப் போய், ரத்து செய்யுங்கள் என்று கொடுத்துவிட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீதி எல்லாம் காரணம், அது கொஞ்சம் நீளம். மணி இப்போது பிற்பகல் மூன்று. அமெரிக்காவின் அடுத்த ஜனாதிபதி யார் என்று இந்த நிமிஷம் வரை யாருக்கும் தெரியாது. தெரிவதற்கு முன்னால் இதை எழுதி முடித்து உறையை ஒட்டிவிட வேண்டும். தெரிந்த பிறகு எழுதினால், ஜெயித்த திமிரில் எழுதினேன் என்றோ தோற்ற எரிச்சலில் எழுதினேன் என்றோ நீ நினைத்துக்கொள்வாய்.

சனிக்கிழமை நீ வந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். இடுப்பு எலும்பு அறுவை முடிந்து ஆறு வாரமாக நான்கு கால் ஊன்றுகோலைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடக்கிறவளுக்கு, மகன் வந்து சமையலறை மேசையில் உட்கார்ந்தாலே அறை நிறைந்துவிடுகிறது. அதே மேசையில் தபால் ஓட்டு உறை கிடந்தது. நீ பிரித்தாய். காபி ஆறுவதற்குள் எல்லா வட்டங்களையும் கறுப்பாக்கினாய். சின்ன வயதில் வண்ணம் தீட்டும்போது கோட்டைத் தாண்டாத அதே நேர்த்தி. பிறகு பேனாவை என் பக்கம் நகர்த்தினாய். "சைன் மட்டும் பண்ணுங்கம்மா. மத்ததெல்லாம் நான் பார்த்துட்டேன்." நான் படித்துப் பார்க்கிறேன் என்றேன். "என்னத்தப் படிக்கப் போறீங்க? நமக்கு யார் நல்லதுன்னு எனக்குத் தெரியும். முப்பது வருஷமா டிவி முன்னாடி வாயைத் தொறக்காம உட்கார்ந்திருந்தீங்க. இன்னைக்கு மட்டும் என்ன புதுசா?" என்றாய்.

அந்த நேரம் பார்த்து டிவியில் ஒரு வேட்பாளர் பேசினார். எந்த வேட்பாளர் என்று எழுத மாட்டேன். ஒருவர் உரக்கச் சொன்னதை மற்றவர் போன மாதம் மெல்லச் சொன்னார், அவ்வளவுதான் வித்தியாசம். அனுமதி இல்லாமல் வந்தவர்களைத் திருப்பி அனுப்புவது பற்றிய பேச்சு. சின்னக் குழந்தையாகத் தூக்கி வரப்பட்டவர்களும் அதில் அடக்கமா என்று ஒரு நிருபர் கேட்டார். அவர் பதில் சொல்வதற்குள் நீ சிரித்துக்கொண்டே சொன்னாய்: "இதுல என்ன இருக்கு? ஃப்ரீயா டிக்கெட் குடுத்து அவங்க ஊருக்குத்தானே அனுப்புறாங்க!"

அப்போதுதான் நான் காகிதத்தின் மேல் உள்ளங்கையை வைத்தேன். போட மாட்டேன் என்றேன். நீ ஏன் என்று கேட்டாய். நான் கையை எடுக்கவில்லை. நீ மீன் குழம்பைத் தொடாமல் எழுந்தாய். "கிறிஸ்துமஸுக்கு வர முடியுமான்னு பார்க்கிறேன்" என்று வாசலில் நின்று சொன்னாய். அது வர மாட்டேன் என்கிற குரல். அந்த ஏனுக்குத்தான் இப்போது பதில் எழுதுகிறேன். உன் அப்பாவுக்குக்கூட நான் இதைச் சொன்னதில்லை.

நான் பிறந்த ரப்பர் தோட்டம் மலாயாவில், கோலசிலாங்கூர் டவுனிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது என்பது வரைக்கும் உனக்குத் தெரியும். எங்களுடையது பன்னிரண்டு வீட்டு லயம். ஒரே நீளக் கூரை, நடுவில் பலகைத் தடுப்புகள். முதல் வீட்டில் இருமினால் மூன்றாம் வீட்டில் வெந்நீர் போடுவார்கள். வெள்ளைக்காரன் அறிவித்த அவசரகாலம் அது. காட்டுக்குள்ளே கம்யூனிஸ்டுகள், வெளியே பட்டாளம். எங்கள் லயங்களைச் சுற்றி முள்வேலி அடித்து ஒரே ஒரு வாசல் விட்டிருந்தார்கள். காலையில் பால் வெட்டப் போகும்போது அந்த வாசலில் ஆண், பெண் எல்லோரையும் சோதனை போடுவார்கள். கையில் சோறு இருக்கக் கூடாது. காட்டில் இருப்பவர்களுக்குக் கொடுத்துவிடுவோமாம். என் அம்மா வெறும் வயிற்றோடு போய், தன் பங்கு மரங்களை வெட்டி, பாலைச் சேகரித்து நிறுத்துவிட்டு வந்துதான் முதல் கவளம் சாப்பிடுவார். வேலி என்று இந்த ஊரில் யாராவது மேடையில் சொல்லும்போது, மற்றவர்கள் அதை வெளியிலிருந்து பார்க்கிறார்கள். எனக்கு அது உள்ளேயிருந்துதான் தெரியும்.

எனக்குப் பதினேழு வயது. கிள்ளானில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஆங்கிலப் பள்ளியில் தங்கிப் படித்தேன். எங்கள் லயத்தில் ஆங்கிலம் படித்த முதல் ஆள், பின்னால் பட்டம் வாங்கிய முதல் ஆளும் நான்தான். ஆனால் பேச மாட்டேன். நாலு பேர் இருக்கும் இடத்தில் என் தொண்டை அடைத்துக்கொள்ளும். கதவோரம் நின்று பார்த்துக்கொண்டே இருப்பேன். "இங்கிலீசு வயித்துக்குள்ளயே கெடக்கு, இன்னும் வாய்க்கு வரல" என்று மண்டோர் பெருமாள் கேலி செய்வார். மண்டோர் என்றால் தொழிலாளிகளை வேலை வாங்குகிறவர். துரைக்குக் கீழே கிராணி என்கிற கணக்குப்பிள்ளை, கிராணிக்குக் கீழே அவர், அவருக்குக் கீழே நாங்கள் எல்லோரும்.

எங்கள் லயத்தின் கடைசி வீட்டுக் குடும்பத்தோடு சவரிமுத்து அண்ணன் தங்கியிருந்தார். ஆறு மாதக் குழந்தையாக அம்மா இடுப்பில் கப்பலில் வந்தவர். அந்த அம்மா தோட்டத்துக் கல்லறையில் இருக்கிறார். முப்பது வயதுக்குப் பிறகு அவருக்கு ஒரு ஆசை வந்தது. புதுக்கோட்டைப் பக்கம் இருக்கும் சித்தியைப் பார்க்க வேண்டும், முடிந்தால் அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு இருந்துவிட வேண்டும். எங்கள் லயத்தில் ஒருவர் கப்பல் ஏறினால் ஒரு வழக்கம் உண்டு. எல்லோரும் சேர்ந்து கோழி அடித்து விருந்து போடுவார்கள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அவரவர் சொந்தக்காரர்களுக்கு ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தனுப்புவார்கள். துணி, சோப்பு, தைலப் புட்டி, பிஸ்கட் டின். என் அப்பா தன் தங்கைக்கு ஒரு கம்பளியும் இரண்டு தைலமும் கொடுத்தார். பொட்டலத்தின் மேல் யாருக்கு, எந்த ஊர் என்று விலாசம் எழுதி ஒட்டியது நான். சவரிமுத்து அண்ணனுடைய தகரப் பெட்டியில் அவருடைய சொந்தத் துணிக்கே இடம் இல்லாமல் போயிற்று. "நான் ஆளா, தபால் மூட்டையா?" என்று சிரித்துக்கொண்டே லோரியில் ஏறிப் போனார்.

அவர் போய் ஐந்து மாதம் இருக்கும். நான் பள்ளி விடுமுறைக்கு வந்திருந்தேன். ஒரு காலையில் பட்டாள லோரி வந்தது. ஒரு வெள்ளைக்கார அதிகாரியும் மொழிபெயர்ப்பாளரும் வீட்டுக்கு ஒரு தாள் கொடுத்தார்கள். உங்களுக்குத் தெரிந்த கம்யூனிஸ்டு யார், அவர்களுக்கு அரிசியும் துணியும் கொடுப்பவர் யார் என்று அதில் அச்சடித்திருந்தது. உங்கள் பெயர் எழுத வேண்டாம், கையெழுத்து வேண்டாம், நாளைக் காலை பூட்டிய பெட்டி வரும், மடித்து அதில் போடுங்கள், யார் எழுதியது என்று யாருக்கும் தெரியாது என்றார் மொழிபெயர்ப்பாளர். இப்போது யோசித்துப் பார், அருள். ரகசியம், மடித்த தாள், பூட்டிய பெட்டி. நான் வாழ்க்கையில் பார்த்த முதல் வாக்குப்பெட்டி அதுதான்.

அன்று மாலை மண்டோர் பன்னிரண்டு வீட்டுக்காரர்களையும் எங்கள் வாசலில் கூட்டினார்.

"வெறுந்தாளாப் போட்டா என்னா ஆவும்னு தெரியும்ல? பக்கத்துத் தோட்டத்துல அப்பிடித்தான் போட்டானுங்க. ரேசனப் பாதியாக் கொறச்சிட்டான். ரெண்டு வாரம் கேட்டத் தொறக்கல."

"யார எழுதறது மண்டோரே? எங்களுக்கு எந்தக் கம்னிஸ்டத் தெரியும்?" என்றார் அப்பா.

"அப்பன்னா ஒம் பேரையே எழுதிக்க."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஒருவர் பெயரை எழுத வேண்டும், அந்த ஒருவர் யார் என்ற யோசனை ஒவ்வொருவர் தலையிலும் ஓடியது. கதவோரம் நின்ற எனக்கு அது எழுத்தில் எழுதியது மாதிரித் தெரிந்தது. அந்த நேரத்தில்தான், பதினேழு வருஷத்தில் முதல் தடவையாக, நாலு பேர் முன்னால் நான் வாயைத் திறந்தேன்.

"ஊருக்குப் போனவர் பேரை எழுதிட்டா என்ன?"

"என்னா சொன்ன?"

"சவரிமுத்து அண்ணன். அவர்தான் கப்பல் ஏறிட்டாரே. அவர் பேரை எழுதினா யாருக்கும் ஒண்ணும் ஆகாது."

மண்டோர் தொடையில் தட்டினார். "அட, இங்கிலீசு வாய்க்கு வந்துருச்சுடா!"

என் தலையை எத்தனை கைகள் தடவின என்று இன்னும் ஞாபகம் இருக்கிறது. அப்பாவின் முகத்தில் அவ்வளவு பெருமையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. எழுதத் தெரிந்தவளும் நான்தான். ஒவ்வொரு வீடாகத் தாளைக் கொண்டுவந்து நீட்டினார்கள். ஒரே கையெழுத்து என்று தெரிந்துவிடக் கூடாது என்று ஒன்றைச் சாய்த்து எழுதினேன், ஒன்றை நிமிர்த்தி எழுதினேன், ஒன்றைக் குழந்தை எழுதியது போல் கோணலாக எழுதினேன். பன்னிரண்டு தாளிலும் ஒரே பெயர். மறுநாள் காலை எல்லோரும் வரிசையில் நின்று மடித்துப் போட்டார்கள். கேட்டைத் திறந்தார்கள். ரேஷன் குறையவில்லை. என் புத்தியால் லயம் பிழைத்தது என்று ஒரு வாரம் பேசினார்கள்.

அடுத்த விடுமுறையில் காதர் பாய் வந்தார். டவுனில் கடை வைத்திருந்தவர், ரேஷன் சாமான்களை லோரியில் கொண்டுவந்து இறக்குவார். தோட்டத்துக்குத் தோட்டம் போகிறவர் என்பதால் சேதியும் அவரோடுதான் வரும். பருப்பு மூட்டையை இறக்கிக்கொண்டே அப்பாவிடம் கேட்டார்.

"என்ன அண்ணே, ஒங்க சவரிமுத்துவப் புடிச்சிட்டாங்களாமே, சுங்கை சோ ஊர்ப் பக்கம்?"

"அவன் ஊருக்குல்ல போயிட்டான், பாய்?"

"எங்க போனான்? டிக்கெட் எடுத்துத் தர்றேன்னு காச வாங்குனவன் ஓடிட்டான். வழியனுப்புற விருந்தத் தின்னுட்டு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத் திரும்பி வர்றதுன்னு அங்கயே ஒரு தோட்டத்துல வேலைக்கு நின்னுட்டான் லா. பொண்ணுகூடப் பேசி முடிச்சாச்சு. ஊர் ஆசையே விட்டுப்போச்சுன்னு எங்கிட்டயே சொன்னான்."

"எதுக்குப் புடிச்சாங்க?"

"யாரோ பேரு எழுதிக் குடுத்துட்டாங்களாம். போய்ப் பார்த்தா பெட்டி நெறையத் துணி, தைலம், சோப்பு, பிஸ்கட்டு. பன்னெண்டு பொட்டலம். காட்டுக்குக் குடுக்கத்தான் சேத்து வச்சிருக்கான்னு சொல்லிட்டாங்க."

ஒரு பொட்டலத்தையும் அவர் பிரிக்கவில்லை, அருள். அடுத்து யாராவது ஊருக்குப் போனால் கொடுத்தனுப்பலாம் என்று அப்படியே வைத்திருந்தார். பொட்டலத்தின் மேலிருந்த விலாசங்கள் என் கையெழுத்து. பெட்டியில் போட்ட தாள்களும் என் கையெழுத்து. அந்தத் தமிழ் விலாசங்களை எந்த அதிகாரியும் படிக்கவில்லை, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவும் இல்லை.

எங்கள் லயத்தில் அந்த அதிகாரியோடு நேராகப் பேசக்கூடிய ஒரே ஆள் நான். இரண்டு வாக்கியம் போதும். அவர் போய்விட்டார் என்று நினைத்து எழுதினோம், பொட்டலங்கள் எங்களுடையவை. இதை ஆங்கிலத்தில் மனத்துக்குள் அமைத்தும் வைத்திருந்தேன். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "வாயத் தொறக்காத தாயி. பொய்யா எழுதிக் குடுத்தேன்னு ஒன்னயத் தூக்குவான். பன்னெண்டு குடும்பத்தையும் தூக்குவான். ஒம் படிப்புப் போயிரும்." அப்பா சொன்னது நடந்திருக்கலாம், நடக்காமலும் போயிருக்கலாம். நான் சோதித்துப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கிள்ளான் பஸ்ஸில் ஏறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த இரண்டு வாக்கியங்களையும் பள்ளிக்கூடம் வரை எனக்கே சொல்லிக்கொண்டு போனேன். உச்சரிப்பில் ஒரு பிழை இல்லை.

அவரை அடைத்து வைத்தார்கள். பிறகு கப்பலில் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். பேசி முடித்த பெண் மலாயாவில், அம்மாவின் கல்லறையும் மலாயாவில், அவர் மட்டும் அங்கே. நான் மறுபடி விடுமுறைக்கு வந்திருந்தபோது அந்தச் சேதி லயத்துக்கு வந்தது. மண்டோர்தான் முதலில் பேசினார். "அவன் ஊருக்குப் போவணும்னுதானே ஆசப்பட்டான்? சர்க்காரே டிக்கெட்டு இல்லாம அனுப்பிருச்சு, வுடுங்கப்பா!" லயமே சிரித்தது. சிரித்தால் பாரம் இறங்கும் என்று சிரித்தது. நானும் சிரித்தேன். சத்தம் வரவில்லை, ஆனால் சிரிப்புதான்.

சனிக்கிழமை உன் வாயிலிருந்து அதே வார்த்தை வந்தது. நீ மண்டோரைப் பார்த்ததில்லை, தோட்டத்தைப் பார்த்ததில்லை. அந்த வேடிக்கை மட்டும் கடலைத் தாண்டி என் சமையலறைக்கு வந்துவிட்டது. அதை இனி என் வீட்டில் சொல்லாதே. கெஞ்சவில்லை, எச்சரிக்கிறேன். சொன்னால் மீன் குழம்பு கிடையாது.

நான்கு வருஷம் கழித்து மலாயாவின் முதல் பெரிய தேர்தல் வந்தது. எனக்கு இருபத்தொன்று ஆகியிருந்தது. சிங்கப்பூரில் படித்துக்கொண்டிருந்தவள் அதற்காகவே ஊருக்கு வந்தேன். அப்பாவுக்கு ஓட்டு இல்லை, அவர் அங்கே பிறக்கவில்லை. அம்மா பயந்துகொண்டு பதியவே இல்லை. எங்கள் லயத்தின் ஒரே ஓட்டு என்னுடையது. அப்பா கேட் வரை வந்தார். "அதே மாதிரிப் பொட்டிதான் தாயி. சாவி அவன்கிட்டதான் இருக்கும். பாத்து." டவுனில் மறைப்புக்குப் பின்னால் பென்சிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எந்தப் பெயரைப் பார்த்தாலும் அந்த ஒரே பெயராகவே தெரிந்தது. ஒன்றும் எழுதாமல் மடித்துப் போட்டுவிட்டு வந்தேன். வெளியே லோரிப் பக்கத்தில் மண்டோர் காத்திருந்தார்.

"யாருக்குப் போட்ட, பாப்பா?"

"சொல்ல மாட்டேன்."

"அடேயப்பா! மண்டோருக்கே சொல்ல மாட்டியா?"

"யாருக்கும் சொல்ல மாட்டேன்."

அவர் வாயைப் பிளந்தார். லயத்துப் பெண் ஒருத்தி அவரிடம் மாட்டேன் என்று சொல்லி அவர் கேட்டதில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் லோரியில் இருந்த மற்ற லயத்துக்காரர்கள் என்னை மரியாதையோடு பார்த்தார்கள். சொல்வதற்கு ஒன்றுமே இல்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

இப்போது உனக்குக் கோபம் வரக்கூடிய இடம். இந்த நாட்டின் குடிமகளாகி ஐந்து ஜனாதிபதித் தேர்தல் பார்த்துவிட்டேன். ஐந்து தடவையும் சாவடிக்குப் போனேன். நீதிபதி, பள்ளி வாரியம், நூலகத்துக்கு வரி ஒதுக்குவது என்று மற்ற எல்லா வரிசைகளையும் படித்து நிரப்பினேன். ஜனாதிபதி வரிசையை மட்டும் காலியாக விட்டேன். ஐந்து தடவையும். உன் அப்பா காரில் ஏறியதும் எனக்கு யாரைப் பிடித்தது என்று அவரே ஊகித்துச் சொல்வார், நான் தலையாட்டுவேன்.

எனக்கு அபிப்பிராயம் இல்லை என்று நினைக்காதே. முப்பது வருஷம் நூலக மேசையின் பின்னால் உட்கார்ந்து இந்த ஊர் மனிதர்களைப் பார்த்தவள் நான். நான்கு வருஷத்துக்கு ஒரு தடவை, அன்றுவரை குழந்தைக்குப் படக்கதை தேடித் தந்த என்னிடம் திடீரென்று நீ எங்கிருந்து வந்தாய் என்று கேட்பார்கள். தேர்தல் முடிந்ததும் மறுபடி படக்கதை கேட்பார்கள். ஜனாதிபதி வேட்பாளர்கள் நல்ல பேச்சாளர்கள், அழகாகச் சிரிக்கிறார்கள், பண்ணையில் போய்ப் பசுவைத் தட்டிக் கொடுக்கிறார்கள். அதெல்லாம் சரி. ஆனால் ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு கட்டத்தில் கேமராவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்பது ஒன்றைத்தான்: உன் கஷ்டத்துக்குக் காரணம் யார், அந்தப் பெயரை எழுதிக் கொடு. ஒருவர் எல்லைக்கு அப்பால் இருப்பவனைக் காட்டுகிறார். மற்றவர் வேறொருவனைக் காட்டுகிறார். அது போதாதென்று நம் தமிழ்ச் சங்கத்துக்காரர்கள் வேறு வீட்டுக்கு வந்து, "அக்கா, நாம எல்லாரும் ஒரே ஆளுக்குப் போட்டாத்தான் நமக்கு மதிப்பு" என்கிறார்கள். பக்கத்து வீட்டு அம்மாள், உங்களுக்கு இவ்வளவு கொடுத்த நாட்டுக்கு நன்றியோடு ஓட்டுப் போடுங்கள் என்று தன் கட்சியின் பலகையை என் புல்தரையில் நட வருகிறார். நான் இந்த நாட்டுக்கு வேலை செய்தேன், வரி கட்டினேன், உன்னை வளர்த்துக் கொடுத்தேன். நன்றிக்காக ஓட்டுப் போட மாட்டேன். பயத்துக்காகவும் போட மாட்டேன். கூட்டத்துக்காகப் பன்னிரண்டு தாளில் ஒரே பெயர் எழுதியவள் இனி ஒரு கூட்டத்துக்காகவும் எழுத மாட்டாள். அந்தக் கூட்டம் என் சொந்த மகனாகவே இருந்தாலும்.

இவ்வளவும் சரி. ஆனால் சனிக்கிழமை உன் கார் தெருவைத் தாண்டிய பிறகு, நீ நிரப்பிய சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது இன்னொன்றும் விளங்கியது. காலியாக விட்டால் என் கை சுத்தம் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அது கிள்ளான் பஸ். வாக்கியத்தைப் பிழையில்லாமல் அமைத்துக்கொண்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து, யாரிடமும் சொல்லாமல் போவது. தாளில் எழுதி ஒரு தடவை தப்புச் செய்தேன். வாயை மூடிக்கொண்டு அதைவிடப் பெரிய தப்பைச் செய்தேன். இரண்டாவதை மட்டும் ஒழுக்கம் என்று பெயர் வைத்துக் காப்பாற்றி வந்திருக்கிறேன். எனக்கு அரசியல் தெரியாது என்பது போல் நீ பேசியது பொய். முப்பது வருஷமாக வாயைத் திறக்கவில்லை என்று சொன்னது நிஜம்.

திங்கட்கிழமை தேர்தல் அலுவலகத்துக்கு நானே போன் செய்தேன். கையெழுத்திடாத தபால் சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தால் ரத்து செய்துவிட்டு நேரில் ஓட்டுப் போடலாம் என்றார்கள். இன்று காலை டாக்ஸி பிடித்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். படியில் பனி உறைந்திருந்தது. வாசலில் நின்ற ஓர் ஆள் என் ஊன்றுகோலைப் பார்த்துவிட்டு, உதவிக்கு ஒருவர் கூட வந்து நிரப்பித் தரலாம், சட்டத்தில் இடம் இருக்கிறது என்றார். என் கை நன்றாகத்தான் இருக்கிறது, இடுப்புதான் உடைந்தது என்றேன். வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நாலு பேர் என்ன, நாற்பது பேர் இருந்தார்கள். என் தொண்டை அடைக்கவில்லை.

மறைப்புக்குப் பின்னால் போய் நின்றேன். சீட்டின் மேலேயே ஒரு கட்டம் இருக்கிறது. அதில் ஒரு குறி போட்டால் ஒரு கட்சியின் ஆட்கள் எல்லோருக்கும் மொத்தமாக விழுந்துவிடும். அதைத் தொடவில்லை. ஜனாதிபதி வரிசையின் அடியில் ஒரு வெற்றுக் கோடு இருக்கிறது, உனக்குத் தெரிந்திருக்கும். அச்சடித்த பெயர்கள் பிடிக்காவிட்டால் வேறு யார் பெயரையாவது எழுதலாம். என் கை அங்கே போனது. எந்தப் பெயரை எழுதப் போனது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நிறுத்திக்கொண்டேன். அவரைக் கேட்காமல் பன்னிரண்டு தடவை அவர் பெயரை எழுதிப் பெட்டியில் போட்டாயிற்று. என் மனம் ஆறுவதற்காகப் பதின்மூன்றாவது தடவை எழுத எனக்கு உரிமை இல்லை. அச்சடித்திருந்த பெயர்களை மறுபடி முதலிலிருந்து படித்தேன். யார் ஜெயித்தால் யாரை எங்கே அனுப்புவார்கள், யார் வீட்டுப் பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள் என்று ஒவ்வொரு பெயராக நிறுத்தி யோசித்தேன். பின்னால் நிற்பவர்கள் காத்திருக்கட்டும் என்று யோசித்தேன். பிறகு ஒரு வட்டத்தை, உன்னைப் போலவே கோட்டைத் தாண்டாமல், நிரப்பினேன்.

நீ நிரப்பிய அதே வட்டமாகவும் இருக்கலாம். அப்படி இருந்தாலும் அது உன்னுடைய ஓட்டு இல்லை. உனக்குப் பிள்ளைகள் பிறந்து, அவர்கள் வளர்ந்து, முட்டாள்தனமாக ஓட்டுப் போடப் போகிறார்கள் என்று நீ பதறும் நாள் வரும். அன்றைக்கும் பேனாவை அவர்களிடமே விட்டுவிடு. சொல்ல வேண்டியதை வாயால் சொல், சண்டை போடு. அவர்கள் கையைப் பிடித்து எழுதாதே.

கிறிஸ்துமஸுக்கு வா. மீனை உறைபெட்டியில் வைத்திருக்கிறேன். ஊன்றுகோல் இருந்தாலும் குழம்பு நானே வைப்பேன். கோபத்தோடு வந்தாலும் பரவாயில்லை. யார் ஜெயித்தார் என்று அதற்குள் ஊருக்கே தெரிந்திருக்கும், நீ துள்ளிக்கொண்டு வருவாய் அல்லது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வருவாய். எப்படி வந்தாலும் மேசையில் உட்கார்ந்ததும் நீ கேட்கப் போவது எனக்குத் தெரியும்: நீங்க யாருக்கும்மா போட்டீங்க?

சொல்ல மாட்டேன். இந்தத் தடவை சொல்வதற்கு ஒன்று இருக்கிறது.

அம்மா